மரைக்காயர் பங்களாவில் குடியிருந்தவர்கள்

இப்போதெல்லாம் வீட்டைப் பார்க்காமலேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்களாம். வீட்டுத் தரகு பார்க்கும் இரண்டு பேர் சென்ற மாதம் ஆலங்குடிக்கு என்னைத் தேடி வந்திருந்தபோது சொன்னார்கள். துபாயில் இருந்தபடியே ஒருவர் புதுக்கோட்டையில் மாடிவீடு பிடித்துவிட்டாராம். எல்லாம் போனிலேயே முடிந்ததாம்.

"அந்தக் காலத்துல பெரிய பெரிய பங்களாவுக்கெல்லாம் எப்படிங்கய்யா ஆள் பிடிச்சீங்க?" என்று கேட்டார்கள்.

நாங்கள் ஆள் பிடித்ததில்லை. வீட்டைக் காட்டினோம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காட்டுதலுக்கு ஒரு முறை இருந்தது. அது நான் வேலை பார்த்த ராமலிங்கம் பிள்ளையின் முறை.

புதுக்கோட்டை அப்போது சமஸ்தானம். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் சம்பாதித்தவர்கள் ஊருக்குள் நல்ல வீடாகக் கட்டிப் போட்டுவிட்டு மறுபடி கப்பலேறிவிடுவார்கள். அந்த வீடுகளைப் பார்த்துக்கொள்வதும், சமஸ்தான உத்தியோகஸ்தர்கள், டாக்டர்கள், வக்கீல்கள் போன்றவர்களுக்கு வாடகைக்கு விடுவதும் பிள்ளையின் தொழில். கீழ ராஜ வீதியில் ஒரு முன்னறைதான் ஆபீஸ். சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று சொன்னார்கள் என்று போய்ச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் காலி வீடுகளைத் திறந்து ஜன்னல்களை விரியத் திறந்துவைத்து, சாயங்காலம் சாத்திவிட்டு வருவதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. தொழில் பழகியது என்றால் அதுதான்.

பிள்ளை உயரமான மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு, கையில் குடை. ஆளில்லாத வீட்டுக்குள் போனாலும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவார். நாங்கள் வாடகைக்கு விட்ட வீட்டில் உட்காரமாட்டார். மோர் கொடுத்தால்கூட வாங்கமாட்டார். "உக்காந்து மோர் குடிச்சுட்டா நாளைக்கு ஒரு சொல்லு சொல்ல முடியாது" என்பார்.

வீடு பார்க்க வருகிறவர்களை முன்வாசல் வழியாக அழைத்துப் போகமாட்டார். "இங்கிட்டு வாங்க" என்று சந்து வழியாகக் கொல்லைப்புறம் கூட்டிப்போவார். முதலில் கிணறு. நான் ஒரு வாளி இறைப்பேன். அவர் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "குடிச்சுப் பாருங்க" என்பார். எங்கள் ஊர் செம்புறாங்கல் பூமி. ஒரு வீட்டுக் கிணறு தேங்காய்த் தண்ணீராக இருக்கும், அடுத்த வீட்டுக் கிணற்றில் பருப்பு வேகாது. அடுத்து அடுப்படி. நாலு சுள்ளியைப் பற்றவைத்து, புகை எந்தப் பக்கம் போகிறது என்று காட்டுவார். அதற்கப்புறம் ஆண்களை மரத்தடியில் நிறுத்திவிட்டு, பெண்களை மட்டும் வீட்டுக்குள் அனுப்புவார். கூட யாரும் போகக்கூடாது. அவர்கள் ஆற அமரப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் ஆண்கள் கூடத்தையும் தூண்களையும் பார்க்கலாம்.

வீட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லமாட்டார். தெற்கு அறையில் ஒழுகும், மாடியில் வெயிலடிக்கும், பக்கத்து வீட்டுக்காரர் காலையில் சத்தமாகத் தேவாரம் பாடுவார் என்று குறைகளாகவே அடுக்குவார். எனக்கு ஆரம்பத்தில் புரியவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"குறையை நம்ம வாயால சொல்லிரணும் சின்னையா. அவங்களாக் கண்டுபிடிச்சா, வீட்டுல இருக்கிற நல்லதும் பொய்யாப் போயிரும்" என்றார்.

தர்பாரில் பெரிய பதவியில் இருந்த ஒருவருக்கு ஊரின் மேற்கே இருந்த ஒரு பங்களாமேல் கண் விழுந்தது. நேரில் வரவில்லை. மார்பில் டவாலிப் பட்டை போட்ட சேவகனை அனுப்பினார். "வெள்ளிக்கிழமை ஐயா குடிவர்றாங்க. சாவியைக் கொடுத்தனுப்பச் சொன்னாங்க" என்றான் சேவகன். பிள்ளை குரலை உயர்த்தாமல், "அம்மா வந்து தண்ணியக் குடிச்சுப் பாத்துட்டாங்கன்னா சாவியை நானே கொண்டாந்து கொடுக்கிறேன்னு சொல்லு" என்றார். மறுநாள் அந்த அம்மாள் வண்டியில் வந்து இறங்கினார்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டார்கள், கொப்பளித்துத் துப்பினார்கள், வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் வண்டியேறிவிட்டார்கள். பதவிக்காரர் அதற்கப்புறம் எங்களை வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் வேறு வீடு வேண்டியிருந்தபோது பிள்ளையிடம்தான் ஆள் அனுப்பினார்.

மேற்கே இருந்த வீடுகளில் எடுப்பானது மரைக்காயர் பங்களா. கோட்டைப்பட்டினத்துச் சேகு மரைக்காயர் கட்டியது. ரங்கூனில் மரக்கடை வைத்திருந்தவர். பர்மாத் தேக்கில் தூண், கூடத்தில் நீலப் பூப்போட்ட தரை ஓடு, மாடிக்கு உள்ளே ஒரு படியும் வெளியே ஓர் இரும்புச் சுருள்படியும், வாங்காத காருக்கு ஒரு ஷெட். பெண்ணைப் படிக்கவைக்க இங்கே குடிவருவதாகத்தான் எண்ணம். வியாபாரம் விடவில்லை. வீட்டை முடித்துப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு அவர் கப்பலேறியது நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால். ஆகவே அவரை நான் பார்த்ததில்லை. ஒன்றிரண்டு உத்தியோகஸ்தர்கள் அதில் இருந்துவிட்டுப் போனார்கள்.

யுத்தத்தில் ரங்கூன் விழுந்தது. அடுத்து மதராஸில் குண்டு விழும் என்று பேச்சு. ரயிலில் இருந்து ஜனங்கள் பெட்டியும் அம்மிக்கல்லுமாக இறங்கினார்கள். வண்டியேறியவர்களுக்காக ஜட்காக்காரர்களே வாசல் வாசலாக வீடு கேட்டார்கள். மாட்டைக் கொல்லையில் கட்டிவிட்டுத் தொழுவத்துக்கு வெள்ளையடித்து வாடகைக்கு விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நெரிசலிலும் பிள்ளை கிணற்றிலிருந்துதான் ஆரம்பித்தார்.

அப்படி வந்தவர்தான் சபாபதி முதலியார். ரிட்டையரான இன்ஜினியர். அவர் மனைவி சிவகாமியம்மாள், மகள் கமலா. கமலா முழுகாமல் இருந்தாள், நிறைமாதமாவதற்கு இன்னும் காலம் இருந்தது. புருஷன் பட்டாளத்தில். மரைக்காயர் பங்களா அப்போது காலி. சிவகாமியம்மாள் பார்த்துவிட்டு வந்து தலையசைத்ததும் முதலியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிரசவ நேரத்துல காலி பண்ணுன்னு சொல்லிடமாட்டீங்களே?"

"வருஷம் முடியிறவரைக்கும் உங்களை யாரும் போகச் சொல்லமாட்டாங்க. வீட்டுக்காரர் பேரால சொல்றேன்" என்றார் பிள்ளை. "கார் ஷெட்டு மட்டும் வீட்டுக்காரர் சாமான் போட. அது வாடகையில சேராது."

பால் காய்ச்சினார்கள். அவர்கள் குடிவந்தபோதே ரங்கூனிலிருந்து மரைக்காயரின் கடிதம் நின்று பல வாரம் ஆகியிருந்தது.

ஆனி கடைசியோ ஆடி ஆரம்பமோ, சரியாக நினைவில்லை. கரியில் ஓடும் பஸ் ஒன்று ஆபீஸுக்கு எதிரில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஓர் அம்மாள் இறங்கினார்கள். கூட ஒரு பெண், பத்துப் பன்னிரண்டு வயது. பையன் ஒருவன், மீசை அரும்பும் வயது, காலில் கட்டுப் போட்டுத் தங்கை தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். அம்மாள் நேராக ஆபீஸுக்குள் வந்து பிள்ளையின் முன்னால் நின்றார்கள்.

"நான் சேகு மரைக்காயர் வீட்டுலேர்ந்து வாரேன். ஆயிஷா."

பிள்ளை எழுந்துவிட்டார். நாற்காலியை இழுத்துப்போட்டார்.

"கூசாமப் பேசுறேனேன்னு நெனைக்காதீங்க பிள்ளையவுகளே. கூச்சமெல்லாம் பர்மாக் காட்டுலயே போச்சு" என்றார்கள்.

பர்மாவிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள். வழியில் ஓர் ஆற்றங்கரையில் லாரி ஒன்று கிடைத்தது. அதில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் இடம். கடைக் கணக்குப்பிள்ளை காலரா கண்டு படுத்துவிட்டதால் அவரை விட்டுவிட்டு வர மனமில்லாமல் மரைக்காயர் பின்தங்கினார். பின்னாலேயே வருகிறேன் என்றார். அதற்கப்புறம் தகவல் இல்லை. கோட்டைப்பட்டினத்தில் மரைக்காயரின் அண்ணன் வீட்டில் திரும்பி வந்தவர்கள் ஏற்கெனவே நிறைந்து கிடந்தார்கள். பையன் யூசுப்பின் காலில் புண் புரையோடிவிட்டது. தினமும் கட்டு மாற்ற டவுன் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். ஆகவே சொந்த வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

பிள்ளை, பங்களாவில் முதலியார் குடும்பம் இருப்பதைச் சொன்னார். கமலாவின் நிலைமையைச் சொன்னார். "வருஷம் முடியிறவரைக்கும்னு வாக்குக் கொடுத்துட்டேன் தாயி."

"யாரு பேரால கொடுத்தீக?"

"உங்க வீட்டுக்காரவுங்க பேரால."

அந்த அம்மாள் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். தெருவில் பஸ் கிளம்பிப் போயிற்று.

"அவுக பேரால சொன்னதை நான் வந்து அழிச்சா, அவுக இல்லேன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும். அதை நான் செய்யமாட்டேன்" என்றார்கள். பிறகு, "வீட்டை மட்டும் காட்டுங்க. தேக்கும் தரை ஓடும் நான் ரங்கூன்ல நின்னு பொறுக்கியெடுத்தது. வீட்டை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லே" என்றார்கள்.

முதலியாரிடம் அனுமதி கேட்க நான் முன்னால் சைக்கிளில் ஓடினேன். பிள்ளை அவர்களை ஜட்காவில் அழைத்து வந்தார். அன்றும் சந்து வழியாகத்தான் கூட்டிப்போனார். நான் தண்ணீர் இறைத்தேன். அம்மாள் ஒரு கை குடித்துவிட்டு, பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். பிறகு வீட்டுக்குள் தனியாகப் போனார்கள். ஜன்னல் வழியே எனக்குத் தெரிந்தது. கூடத்து நடுவில் குனிந்து, ஓட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள். கீழறையில் கமலா படுத்திருந்தாள். எழுந்திருக்கப் போனவளை, "படுத்துக்கம்மா, படுத்துக்க" என்று கையமர்த்திவிட்டு வெளியே வந்துவிட்டார்கள்.

மரத்தடியில் முதலியார் கொதித்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் என்ன பிள்ளை? இப்படிக் கொண்டாந்து நிறுத்தினா நானே போயிடுவேன்னு பாக்கறீங்களா?"

"உங்களை யாரும் போகச் சொல்லலீங்க" என்றார் பிள்ளை.

"பின்னே அவங்க எங்கே இருக்கப் போறாங்க?"

அதற்குப் பதில் ஆயிஷா அம்மாளிடமிருந்து வந்தது. "ஷெட்டு எங்களோடதாமே. அதுல இருந்துக்கிறோம்."

பிள்ளை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்துத் தருவதாகவும் சொன்னார். அவர்கள் கேட்கவில்லை. ஷெட்டுக்கு மூன்று பக்கம் சுவர், முன்னால் திறப்பு. நான் தென்னந்தட்டி கட்டி மறைத்தேன். கல் கூட்டி அடுப்பு வைத்தேன். சைவக்காரர்கள் வீட்டுப் பக்கம் வாடை போகக்கூடாதென்று அந்த அம்மாள் மீனே ஆக்கவில்லை. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள்! யூசுப்பைத் தினமும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் பொறுப்பைப் பிள்ளை எனக்குக் கொடுத்தார். பையன் சைக்கிள் பின்சீட்டில் உட்கார்ந்து வருவான். பர்மாவைப் பற்றி நான் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

முதலியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் பேப்பர் படிக்க முன்பக்கம் வந்தால் எதிரில் ஷெட். வீட்டுக்காரி கல்லடுப்பில் கஞ்சி காய்ச்சுவது தெரியும். நாற்காலியைக் கொல்லைப்புறம் மாற்றினார். கிணற்றடியில் அந்தப் பெண் பாத்திமா துணி துவைத்துக்கொண்டிருப்பாள். கடைசியில் ஆபீஸுக்கே வந்து, "எனக்கு வேற வீடு பாருங்க. எதுவானாலும் சரி" என்றார்.

பிள்ளை என்னை அவரோடு அனுப்பினார். ஊரெல்லாம் நடந்தோம். ஓரிடத்தில் நெல் கொட்டும் அறையைக் காட்டினார்கள். ஓரிடத்தில் கர்ப்பிணி இருக்கிறாள் என்றதும் வேண்டாம் என்றார்கள். இன்னொரு வாசலில் வீட்டுக்காரர் முதலியாரை மேலும் கீழும் பார்த்து, "ஒங்களுக்குத்தான் மரைக்காயர் பங்களா இருக்கே. ரோட்டுல நிக்கிறவன் வந்து கேக்கட்டும்" என்று கதவைச் சாத்தினார்.

ஆவணியில் ஒரு பிற்பகல், கோடை மழை மாதிரி அடித்துப் பெய்தது. மழை பெய்தால் எல்லா வீட்டுக்கும் போய் ஒழுக்கு பார்ப்பது எங்கள் வழக்கம். நானும் பிள்ளையும் பங்களாவுக்குப் போனபோது ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டிருந்தது. யூசுப் கட்டுப்போட்ட காலைத் தூக்கிப் பெட்டிமேல் வைத்துக்கொண்டிருந்தான். தாயும் மகளும் தட்டியை இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

முதலியார் குடையில்லாமல் படியிறங்கி வந்தார். நேராக என்னிடம், "மாடிக்கு வெளிப்படி இருக்கே, அந்தக் கதவுச் சாவி யாருகிட்ட?" என்றார்.

"உங்ககிட்டத்தாங்க இருக்கு. குடிவந்த அன்னிக்கே கொடுத்தாச்சு."

அவர் ஷெட்டைப் பார்த்துத் திரும்பினார். "அம்மா, பிள்ளையை அழைச்சுக்கிட்டு மேலே போங்க. நாங்க கீழே இருந்துக்கறோம்."

ஆயிஷா அம்மாள் தட்டியை விடவில்லை. "மாடியும் சேர்த்துத்தான் ஒங்களுக்குக் கொடுத்தது. கொடுத்ததுல பாதியைத் திரும்ப வாங்குறது என்ன நாயம்?"

அப்போது சிவகாமியம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி வந்தார்கள். வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராதவர்கள், உரக்கப் பேசாதவர்கள்.

"திரும்ப வாங்க வேணாம். மாடியை நான் உங்களுக்கு வாடகைக்கு விடறேன். வாடகை கொடுக்கறவங்க நிமிர்ந்து இருக்கலாமில்லே?" என்றார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை முறைத்ததும் அடக்கிக்கொண்டேன். ஆனால் ஆயிஷா அம்மாள் சிரிக்கவில்லை. யோசித்தார்கள். "வாடகை எவ்வளவு?" என்று கேட்டார்கள்.

சிவகாமியம்மாள் அதை யோசித்திருக்கவில்லை. பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதை மரைக்காயரவுங்க வந்து முடிவு பண்ணட்டும்" என்றார் பிள்ளை.

ஆயிஷா அம்மாளின் கை தட்டியிலிருந்து மெல்ல இறங்கியது. நான் யூசுப்பைத் தோளில் தாங்கி இரும்புப்படி ஏற்றினேன். முதலியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அவருடைய சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

பின்னால் ஒருநாள் பிள்ளையிடம் கேட்டேன். "மாடியை விட்டுக் கொடுங்கன்னு மொத நாளே நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முதலியார் கேட்டிருப்பாரே?"

"கேட்டிருப்பார். எனக்காகக் கொடுத்திருப்பார். அப்படிக் கிடைச்ச எடத்துல அந்தம்மா எத்தனை நாளு இருக்கும்?" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததை ஒழுங்காக வரிசைப்படுத்திச் சொல்ல எனக்கு வராது. கமலாவுக்கு அந்தக் கீழறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. யூசுப்பின் கால் பிழைத்தது, லேசான நொண்டல் மட்டும் தங்கிவிட்டது. சொன்ன வருஷம் முடிந்த பிறகுதான் முதலியார் குடும்பம் மதராஸுக்குத் திரும்பியது. போகும்போது கமலா இரும்புப்படியில் உட்கார்ந்து அழுதாள். பிள்ளை சுதந்திரம் வந்த மறுவருஷம், சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த சமயத்தில் காலமானார். அந்த வீடுகளை நான் இன்னும் பல வருஷம் பார்த்துக்கொண்டிருந்து, கண் மங்கியதும் ஓய்ந்து ஊரோடு வந்துவிட்டேன். இதையெல்லாம் முதலில் சொல்லிவிட்டேன், ஏனென்றால் பங்களாவின் வாசல் கேட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அவர்கள் மாடியேறிய அந்த வருஷமே, ஐப்பசி அடைமழை விட்டு வெயில் தெளிந்த ஒரு காலை. பங்களா கேட்டுக் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். ரயிலடிப் பக்கமிருந்து ஒருவர் நடந்து வந்தார். ஒட்டிய கன்னம், வெட்டாத தாடி, யாரோ கொடுத்த பட்டாளத்துச் சட்டை. மேலே சாக்குப் போர்த்தியிருந்தார். கேட்டுக்கு வெளியே நின்று வீட்டையே பார்த்தார். அந்த வருஷம் அப்படி நின்று பார்த்தவர்கள் எத்தனையோ பேர். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"வீடு காலியில்லீங்க."

"அப்படியா" என்றார். போகவில்லை. "யாரு இருக்கா?"

"கீழ மதராஸ் இன்ஜினியர் குடும்பம் இருக்குங்க. மாடியில வீட்டுக்காரம்மா இருக்காங்க. ரங்கூன்லேர்ந்து வந்தவுங்க."

அவர் கை கேட்டுக் கம்பியைப் பிடித்தது. நகங்களெல்லாம் கறுத்துச் செத்துப்போயிருந்தன.

"எத்தனை பேரு?"

"மூணு பேருங்க. அம்மா, ஒரு பையன், ஒரு பொண்ணு."

"மூணு பேருமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் வந்திருப்பவர் யாரென்று எனக்கு விளங்கியது. எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"ஆமாங்க. மூணு பேரும் இருக்காங்க."

கேட்டைத் திறந்துவிட்டேன். அவர் உள்ளே வரவில்லை. கம்பியைப் பிடித்தபடியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மாடியில் துணி உலர்த்த வந்த பாத்திமா, யார் இப்படிக் கேட்டடியில் உட்கார்ந்திருப்பது என்று எட்டிப் பார்த்தாள்.